பட்டரி எங்கிருந்து வருகிறது?

மின்சாரக் கார் கூடினால் கொழும்பின் காற்று சுத்தமாகும் என்று அண்மையில் வாசித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சரி. காலி வீதியில் பஸ் புகையைச் சுவாசித்துப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் பட்டரியின் கதையை அந்தக் கட்டுரை தொடவே இல்லை.

பல மின்சாரக் கார்களின் பட்டரியில் கோபால்ட் என்ற உலோகம் சேர்கிறது. உலகின் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 வீதம் கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் சிறுபிள்ளைகளும் வேலை செய்வதை மனித உரிமை அமைப்பான சர்வதேச மன்னிப்புச் சபை 2016 இலேயே ஆவணப்படுத்திவிட்டது. நமது வீதி சுத்தமாவதற்கு யாரோ பெற்ற பிள்ளை மண் சுமப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோபால்ட் சேராத இரும்பு பொஸ்பேட் பட்டரி உள்ள கார்களும் இப்போது வருகின்றன. வாங்குபவர்கள் விலைக்கு முன் அதை விசாரியுங்கள்.

அடுத்தது மின்சாரம். இரவில் சார்ஜ் போட்டால் அதில் ஒரு பங்கு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரிக்கும் நிலக்கரிதான். புகை நமக்குத் தெரியாது, அங்குள்ள சனத்துக்குத் தெரியும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை குறைந்ததால், பகலில் கூரைச் சோலர்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. வீணாகும் அந்த வெயிலை அலுவலகத் தரிப்பிடங்களில் கார்களுக்கு ஏற்றலாமே!

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக் கீழ்த்தளத்தில், ஜப்பானில் பாவித்து இறக்கிய மின்சாரக் கார் ஒன்று தூசி படிந்து நிற்கிறது. பட்டரி களைத்துவிட்டது, புதிது போடச் சொந்தக்காரருக்கு வசதியில்லை. சாதாரண கார் பட்டரியென்றால் பழைய இரும்புக்காரரே காசு கொடுத்து எடுப்பார். இதை யார் பொறுப்பெடுப்பது? இறக்குமதி செய்பவரே திருப்பி எடுக்க வேண்டுமென்று சட்டம் வர வேண்டும், அதுவும் இந்தக் கார்கள் ஆயிரக்கணக்கில் பழசாகுமுன்.