கண்ணாடியைத் துடைத்தது போதும், கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வரும் சாலையில், கன்னியக்கோயிலைத் தாண்டி ரெட்டிச்சாவடியை நெருங்கும் இடத்தில், இரவு எட்டரை மணிக்கு அடைமழையில் காரின் முன்கண்ணாடி முழுவதும் பனி படிந்து, பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டால் வண்டி ஓட்டுபவன் என்ன செய்வான்? ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துணியைத் தேடுவான். துடைத்த இடம் ஒரு நொடி தெளியும். எதிரே வரும் பேருந்தின் விளக்கு பட்டதும் துணி இழுத்த கோடுகள் எல்லாம் மின்னி, துடைக்காமலே இருந்திருக்கலாம் என்று எண்ண வைக்கும். பக்கத்து இருக்கையில் அம்மா, பின்னால் தூங்கும் குழந்தை. பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, பெண்ணையாற்றுப் பாலம் வரை நனைந்தபடியே ஊர்ந்து வந்து சேர்ந்தேன். அந்த இரவிலிருந்து ஆறு வாரங்கள் நான் பட்ட பாட்டையும், கேட்ட அறிவுரைகளையும், இழந்த பணத்தையும் இங்கே கொட்டாவிட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது.

என்னுடையது 2007-ஆம் ஆண்டு மாடல், இரண்டாம் கையாக வாங்கிய சிறிய கார். இந்த ஒரு தகவலைச் சொன்னதுமே எதிரில் இருப்பவர் எவராயினும் மருத்துவர் ஆகிவிடுகிறார். ஒருவர் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் சிகரெட்டைப் பிரித்துப் புகையிலையைப் பூசச் சொன்னார். ஷாம்பு, ஷேவிங் நுரை, பற்பசை என்று ஆளுக்கொரு பொட்டலம். உதிரிபாகக் கடைக்காரர் நானூற்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு தெளிப்பானை என் தலையில் கட்டினார். அது இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல ஒன்று மிஞ்சியது, பனி முன்பைவிட வேகமாகப் படிந்தது. ஏ.சி. மெக்கானிக் ஒருவர் வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று சொல்லி இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்க்கு கேஸ் ஏற்றினார். இன்னொருவர் ஒரே வரியில் தீர்ப்பே எழுதிவிட்டார்: "பழைய வண்டி, அப்படித்தான் சார் இருக்கும்." பழைய வண்டிக்கு மட்டும் இயற்பியல் வேறா?

என் ஆத்திரம் எல்லாம் இதுதான்: இத்தனை பேரில் ஒருவர்கூட "தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்கவில்லை. கண்ணாடி தானாக நீரை உற்பத்தி செய்வதில்லை. வண்டிக்குள் இருக்கும் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் துளியாகிறது, அவ்வளவுதான். நான்கு பேர் மூச்சும் நனைந்த குடையும் கொடுக்கும் ஈரத்தை ஏ.சி. சில நிமிடங்களில் இழுத்துவிடும். ஏ.சி. ஓடியும் தெளியவில்லை என்றாலோ, யாருமே உட்காராமல் இரவு முழுக்கப் பூட்டி வைத்த வண்டி காலையில் உட்புறம் வியர்த்து நின்றாலோ, உள்ளே எங்கோ ஒரு குட்டை இருக்கிறது என்று பொருள். என் வண்டி தினமும் அப்படித்தான் நின்றது. நான்தான் அந்தத் தடயத்தைத் துணியால் துடைத்துத் துடைத்து அழித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறுமை இழந்து, இடப்பக்கக் கால்மிதி ரப்பரைத் தூக்கிவிட்டுக் கார்ப்பெட்டை அழுத்திப் பார்த்தேன். மேலே தொட்டால் லேசான சில்லிப்பு மட்டுமே இருந்தது. அழுத்தியதும் விரல்களுக்கிடையே தண்ணீர் பொங்கி வந்தது. கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு தடித்த பஞ்சுப் பட்டை இருப்பதும், அது பல லிட்டர் நீரைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருப்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஃபெஞ்சல்ல முழுகின வண்டியை உங்க தலையில கட்டிட்டாங்க" என்று தன் பங்குக்குப் பீதியைக் கிளப்பினார். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த அந்தப் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது உண்மைதான். அதில் நின்ற வண்டிகள் பல கைமாறியிருக்கலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளத்தில் நின்ற வண்டியில் இருக்கைத் தண்டவாளத்தில் துருவும், சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறையும் இருக்கும். என் வண்டியில் இரண்டும் இல்லை. இருந்ததெல்லாம் தெளிந்த, புதிய தண்ணீர்.

எந்தத் தண்ணீர் என்பதை விரலும் மூக்குமே சொல்லிவிடும். விரலில் பிசுபிசுத்து, இனிப்பு வாடை அடித்து, ரேடியேட்டர் நீர் குறைந்துகொண்டே வந்தால், ஹீட்டருக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டர் ஒழுகுகிறது. மழையே இல்லாத நாளில் ஏ.சி. போட்ட பிறகு மட்டும் நனைந்தால், கூலிங் காயிலில் சேரும் நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. மழைக்குப் பின் மட்டும் நனைந்தால் கதவு, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், அல்லது வைப்பருக்குக் கீழுள்ள பள்ளம். காய்ந்த செய்தித்தாளை நான்கு மூலைகளிலும் விரித்துவிட்டு இரவு கழித்துப் பார்த்தால் எந்த மூலை நனைகிறது என்பது தெரிந்துவிடும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அதனால்தானோ என்னவோ, எந்தப் பட்டறையிலும் இதை யாரும் செய்வதில்லை.

என் வண்டி நிற்பது மஞ்சக்குப்பத்தில், ஒரு வேப்ப மரத்தடியில். பானெட்டைத் திறந்து, வைப்பரின் கீழே கண்ணாடியை ஒட்டி இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். மாசியில் உதிர்ந்த சருகெல்லாம் அங்கே மக்கி, எருவாகி, ஒரு வேப்பங்கன்று வேறு முளைத்திருந்தது. கண்ணாடியில் விழும் மழைநீர் அந்தப் பள்ளத்தில் இறங்கி இரு ஓரத் துளைகள் வழியாகச் சாலையில் கொட்ட வேண்டும். துளைகள் அடைத்ததும் நீர் மட்டம் ஏறி, வண்டிக்குள் காற்றை ஊதும் விசிறியான ப்ளோயருக்குக் காற்று புகும் வாயில் வழியாக நேரே உள்ளே இறங்குகிறது. அந்த ஈரத்தையே ப்ளோயர் கண்ணாடியின் மேல் ஊதுகிறது. நான் எத்தனை வேகமாக ப்ளோயரை வைத்தேனோ அத்தனை வேகமாகக் கண்ணாடி மூடியதன் இரகசியம் இதுதான். இரண்டு பக்கெட் எருவை அள்ளிவிட்டு, மனைவியை டார்ச்சுடன் உள்ளே உட்கார வைத்து, பள்ளத்தில் குவளை குவளையாக நீர் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை.

இத்துடன் முடிந்திருந்தால் நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். இரண்டு நாள் மழை விட்டிருந்தும் அதே மூலை மீண்டும் நனைந்தது. கடலோரக் காற்றில் ஏ.சி. ஓடினால் வண்டிக்கு அடியில் தாராளமாகச் சொட்ட வேண்டும். சொட்டுவதைப் பார்த்து ஏதோ ஒழுகுகிறது என்று பதறுகிறவர்கள் உண்டு, சொட்டாததைப் பார்த்துப் பதறுகிறவர் எவரும் இல்லை. என் வண்டி மாதக்கணக்கில் சொட்டவில்லை. கேஸ் ஏற்றிய அந்த மனிதர் அரை மணி நேரம் வண்டியின் அருகிலேயே நின்றார். தரை உலர்ந்து கிடந்தது அவர் கண்ணில் படவே இல்லை. ஒரு மெல்லிய நெகிழ்வான கம்பியை, ஏ.சி. நீர் வெளியேறும் அந்த ரப்பர் குழாயில் கீழிருந்து மெதுவாக விட்டதும் கறுத்த சேறும், அதைத் தொடர்ந்து அரைக் குடம் தண்ணீரும் என் சட்டை மேலேயே கொட்டின.

கார்ப்பெட்டைக் காய வைத்தது தனிக் கொடுமை. கார்த்திகை மாதத்தில் கடலூரில் வெயிலுக்கு எங்கே போவது? இருக்கைகளைக் கழற்றி, பஞ்சுப் பட்டையை வெளியே எடுத்து, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே நான்கு நாட்கள் விரித்து வைத்தோம். வீடு முழுவதும் ஊறிய சாக்கு நாற்றம். ஆனால் அதைக் காய வைக்காமல் ஒழுக்கை மட்டும் அடைத்தால் பயனில்லை, ஏனெனில் உள்ளே ஊறிய நீர் வாரக்கணக்கில் ஆவியாகிக் கண்ணாடிக்கே வரும்.

மழை நேரத்தில் "ஏ.சி. எதற்கு, பெட்ரோல் தண்டம்" என்று அணைக்கச் சொல்லும் சிக்கனவாதிகளுக்கும் ஒரு வார்த்தை. ஏ.சி. குளிரூட்டுவதற்கு மட்டும் உள்ளதல்ல, காற்றிலுள்ள நீரைப் பிழிவதும் அதுதான். ஓடிக்கொண்டிருந்த ஏ.சி.யை நடுவழியில் அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் ஓட விட்டால், காயிலில் தேங்கிய ஈரம் திரும்பவும் உள்ளே வீசி, நிமிடத்தில் கண்ணாடியை மூடிவிடும். "ஜன்னலைக் கொஞ்சம் இறக்கு" என்ற அறிவுரையும் இங்கே பாதி அளவுக்கே உதவும். வெளிக்காற்றே நீர் சுமந்து நிற்கும்போது அது எதைக் காய வைக்கும்? காற்று நெம்புகோலை உட்சுழற்சியிலிருந்து வெளிக்காற்றுக்குத் தள்ளி, ஏ.சி.யை விடாமல் போட்டு, காற்றைக் கண்ணாடியின் பக்கம் திருப்புவதே வழி. வைப்பரைப் போட்டதும் மூட்டம் போய்விட்டால் மட்டும் கதை வேறு: அது கண்ணாடியின் வெளிப்புறம் படிந்தது, அதற்குக் காரணம் அதிகக் குளிர். முப்பது டிகிரி வெப்பமும் எண்பது விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் நம் கடற்கரை மாலையில் கண்ணாடி ஏறத்தாழ இருபத்தாறு டிகிரிக்குக் கீழே போனாலே வெளியே பனி பிடிக்கும். அப்போது குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, வெளிப்பனியை உள்ளே நின்று துடைத்தவனும் நான்தான்.

உட்பனிக்கு இன்னும் வேகமான மருந்து ஏ.சி.யுடன் ஹீட்டரையும் சேர்த்துப் போடுவது. காற்று உலர்ந்தும் வரும், கண்ணாடி சூடும் ஆகும். ஆவலோடு ஹீட்டரைத் திருகினேன். வெந்நீர் வரவேண்டிய இரண்டு ஹோஸ்களையும் எவனோ ஒரு புண்ணியவான் எப்போதோ கழற்றி, ஒன்றோடொன்று இணைத்துக் கிளிப் போட்டு வைத்திருக்கிறான். நம் ஊருக்கு ஹீட்டர் எதற்கு என்ற ஞானம்! திரும்ப இணைத்துத் தரச் சொல்லி மூன்று பட்டறை ஏறி இறங்கிவிட்டேன். மூன்றாவது இடத்தில் முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஊட்டிக்கா சார் போறீங்க?" என்று கேட்டார்; பிறகு, நான் பதில் சொல்வதற்குள், பழைய வண்டிதானே, ஒரு தரம் கேஸ் பார்த்துவிடலாமா என்றார்.