"யோசிக்காதே" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்

அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கல்லூரி விழா. மைக்கை வாங்கிய மாணவி கேட்கிறாள்: "ராத்திரி படுத்தா, பகல்ல யார் என்ன சொன்னாங்க, நான் என்ன தப்பா பேசினேன்னு ஓடிக்கிட்டே இருக்கு சார். சின்ன வயசுலேருந்து வீட்ல சண்டை. இதை எப்படி நிறுத்துறது?" மேடையில் இருந்தவர் சொன்ன பதில்: "சும்மா இருக்கிற மனசுதான் கண்டதையும் யோசிக்கும். வேலையைப் பாரு, யோசிக்காத. பெத்தவங்களைக் குறை சொல்றதை முதல்ல நிறுத்து." அரங்கமே கைதட்டியது. நான்கு நாளாக என் டைம்லைனில் பாதிப்பேர் அதைப் பாராட்டிப் பகிர்கிறீர்கள்.

அந்தப் பேச்சாளரை இங்கே பெயர் சொல்லித் திட்டப் போவதில்லை. அந்தப் பதில் தவறு என்பதை மட்டும் சொல்லவேண்டும். ஏன் தவறு, சரியான பதில் என்ன என்பதையும்.

வீட்டில் குடியோ அடியோ ஓயாத சண்டையோ இருந்தால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். ஸ்டாண்டை மெதுவாகப் போட்டால் இன்று பிரச்சினை இல்லை. எட்டி உதைத்துப் போட்டால் டிவியை அணைக்கவேண்டும், தம்பியை உள்ளே கூட்டிப்போகவேண்டும், தூங்குவதுபோல் படுத்துக்கொள்ளவேண்டும். அம்மா பாத்திரத்தை வைக்கிற ஓசையிலேயே அடுத்த அரைமணி நேரம் எப்படிப் போகும் என்று அந்த ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். முன்கூட்டியே யோசித்ததால்தான் அது பல நாள் அடியிலிருந்து தப்பித்தது. அந்த வீட்டில் அது பயித்தியக்காரத்தனம் இல்லை. வேலை செய்த உத்தி.

அதே பிள்ளைக்கு இப்போது 24 வயது. மேனேஜர் ஒரு மெசேஜுக்கு வெறும் "ஓகே" என்று பதில் போடுகிறார். பழைய கணக்கு தானாக ஓட ஆரம்பிக்கிறது. கோபமா? நேற்று மீட்டிங்கில் நான் பேசியதாலா? வேலை போய்விடுமா? வண்டிச் சத்தத்தைக் கேட்டுக் கணித்த அதே மூளைதான். வீடு மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை. இவளிடம் போய் "யோசிக்காதே" என்றால் என்ன அர்த்தம்? காவலுக்கு நிற்பவனைக் கண்ணை மூடிக்கொள் என்கிற மாதிரி. மூடவே மாட்டான்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. 1990களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் பெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டார்கள். அடி, அவமதிப்பு, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் ஒருவருக்கு மனநோய். 1998இல் முடிவுகள் வெளிவரத் தொடங்கின. இவற்றில் எத்தனை வகை கூடுதலோ அந்த அளவுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி எல்லாமே கூடியிருந்தன. இது கூட்டத்துக்கான கணக்கு. ஒரு தனி ஆளின் தலையெழுத்து இல்லை. ஆனால் "சும்மா இருக்கிற மனசு" என்ற விளக்கத்துக்கு இதில் இடமே கிடையாது.

"யோசிக்காதே" ஏன் பலிக்காது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக்கூடாது, நினைத்தால் மணியடிக்கவேண்டும் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள். அமுக்கியது திரும்பி வருகிறது. கரடிக்கே இப்படியென்றால், அப்பாவின் குரலுக்கு?

சரி, அப்படியென்றால் என்னதான் செய்வது? அந்தப் பெண்ணுக்கு அந்த மேடையில் இரண்டே நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குவது. 1983இலேயே போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் எழுதிவைத்த முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 30 நிமிடம். மாலை ஆறரை என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் வேண்டாம், படுக்கப்போவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலும் வேண்டாம், நாற்காலி போதும். பகலில் கவலை வந்தால் சட்டைப்பை நோட்டில் நாலே வார்த்தை: "மேனேஜர் ஓகே, என்மேல் கோபமோ?" அவ்வளவுதான். "இதை ஆறரைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த வேலைக்குத் திரும்பவேண்டும். வேண்டாம் என்று விரட்டாமல் தள்ளிப்போடுகிறோம். மனசு இதை ஒப்புக்கொள்ளும், ஏனென்றால் யாரும் அதன் வாயை மூடவில்லை.

ஆறரைக்கு நோட்டைத் திறந்தால் பாதி வரிகள் அப்போதே வெளுத்துப்போயிருக்கும். மீதியை இரண்டாகப் பிரியுங்கள். நாளைக்குள் நான் ஏதாவது செய்யமுடியுமா? முடியும் என்றால், பத்து நிமிடத்தில் முடிகிற முதல் வேலை என்ன என்று எழுதுங்கள். முடியாது என்றால் அதன் மேல் ஒரு கோடு. அலாரம் அடித்ததும் எழுந்துவிடவேண்டும்.

இது எங்கே கெட்டுப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நான் செஞ்சு பார்த்தேன், சரியாகல" என்பவர்கள் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் விட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தைக்குப் பதிலாக நாலு பக்கம் எழுதுவது. அது கவலைப்படுவதேதான், பேனா சேர்ந்துகொண்டது, அவ்வளவே. போனில் குறித்துவைக்கிறேன் என்று எடுத்து வாட்ஸ்அப்பில் முடிவது. முதல் வாரத்தில் கவலை கூடியதுபோல் தோன்றியதும் நிறுத்திவிடுவது. கூடுவதில்லை; இதுவரை எண்ணாததை இப்போது எண்ணுகிறீர்கள். இரண்டு, மூன்று வாரமாவது விடாமல் செய்யவேண்டும்.

அடுத்தது பலிக்காத பயங்களை எண்ணுவது. பக்கத்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று பயந்தேன், எந்தத் தேதிக்குள், உண்மையில் என்ன நடந்தது. 2020இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், தீராப் பதற்றம் உள்ள 29 பேரின் கவலைகளை இப்படிக் குறித்துப் பின்தொடர்ந்தபோது 91 சதவீதத்துக்கும் மேல் நடக்கவே இல்லை. தேதி போடுவது முக்கியம். தேதி இல்லாத பயம் என்றைக்கும் தோற்காது, "இன்னும் நடக்கல" என்றபடியே உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவதுதான் கடினம். "கோபமா?", "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதைத் தள்ளிப்போடுவது. பதில் வந்ததும் பத்து நிமிடம் நிம்மதி, பிறகு மறுபடி கேட்கத் தோன்றும். கேட்பதை அரைமணி நேரம் தள்ளுங்கள். அது பழகியதும் ஒரு மணி நேரம், பிறகு அடுத்த நாள். அந்த இடைவெளியில் பதற்றம் ஏறி, தானாக இறங்கும். கேட்காமலேயே அது இறங்கியதை உடம்பு ஒருமுறை கண்டுகொள்ளவேண்டும். வேறு யார் சொன்னாலும் அது நம்பாது.

மதியம் இரண்டு மணிக்குமேல் காபி வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி குறைவதற்கே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படபடப்பைக் கவலையென்று நினைத்துக்கொள்வோம். படுத்து இருபது நிமிடம்போல் தூக்கம் வராவிட்டால் எழுந்துபோய் வேறிடத்தில் உட்காருங்கள். புரண்டுகொண்டே யோசித்தால் படுக்கை யோசிக்கிற இடமாகிவிடும்.

இனி கமெண்டில் வரப்போவது எனக்குத் தெரியும். "வேலை இருந்தா யோசிக்க நேரம் இருக்காது." இதில் கொஞ்சம் உண்மை உண்டு. நடப்பதும், நாலு பேரோடு பழகுவதும் நிச்சயம் உதவும். ஆனால் வேலைக்குப் போகிறவர்கள்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு முழித்துக் கிடக்கிறார்கள். வேலை பகலை நிரப்புகிறது, அவ்வளவுதான்.

"எங்க காலத்துல அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்." இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. உங்கள் வீட்டுக்காரம்மாவிடமும் பிள்ளைகளிடமும் கேட்டுப்பாருங்கள்.

"நோட்டு எழுதினா எல்லாம் சரியாயிடுமா?" எல்லோருக்கும் ஆகாது. ஆறு மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் கவலை, தூக்கம் கெட்டு வேலையும் கெடுகிறதென்றால் மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். மருந்து தந்தால் அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகலாம், மூன்றாம் நாளே நிறுத்தக்கூடாது. தூக்க மாத்திரையை மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், சில வகை பழக்கமாகிவிடும். காசு இல்லையென்றால் 14416க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

இன்னும் அடி விழுகிற வீட்டிலேயே இருக்கிறீர்கள் என்றால் இந்த நோட்டெல்லாம் அப்புறம். அங்கே உங்கள் பயம் சரியாகத்தான் வேலை செய்கிறது. உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

கடைசியாக, "பெத்தவங்களைக் குறை சொல்லாதே." இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண் யாரையும் குறை சொல்லவில்லை. மறுபடி பாருங்கள். "வீட்ல சண்டை" என்றாள், அவ்வளவுதான். அப்பா என்றோ அம்மா என்றோ அவள் வாயிலிருந்து வரவே இல்லை. கால் உடைந்தவன் மாடிப்படியில் விழுந்தேன் என்றால் கொத்தனாரைத் திட்டாதே என்று யாராவது சொல்வார்களா? எங்கே விழுந்தாய் என்று கேட்டால்தான் எங்கே கட்டுப்போடுவது என்று தெரியும். பெற்றவர்களை மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் பாடு. அதற்கு நாள் குறிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர்களும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களாகவே இருக்கலாம், எனக்கும் தெரியும். அதைப் புரிந்துகொள்ளவேண்டிய பொறுப்பையும் அடிபட்ட பிள்ளையின் தலையிலேயே ஏன் கட்டுகிறீர்கள்?

கைதட்டல் முடிந்த பிறகு அந்த வீடியோவில் இன்னும் மூன்று விநாடி இருக்கிறது. நீங்கள் பகிர்ந்ததில் பலவற்றில் வெட்டிவிட்டார்கள். அந்தப் பெண் மைக்கைத் திருப்பிக் கொடுக்கிறாள், முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொள்கிறாள், பிறகு "சாரி சார்" என்று சொல்லிவிட்டு உட்காருகிறாள்.

கேள்வி கேட்டதற்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அன்று ராத்திரி அதையும் சேர்த்து யோசித்திருப்பாள்.