மீனம்பாக்கம் மூடப்படுகிறதா? பரந்தூர் மனை விளம்பரத்தின் உண்மை

"பரந்தூர் வந்ததும் மீனம்பாக்கம் விமான நிலையத்தை மூடிவிடுவார்கள், அதற்குள் இங்கே மனை வாங்கிவிடுங்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காஞ்சிபுரம் அருகே பரந்தூரில் சென்னைக்காகப் புதிய விமான நிலையம் வரப்போவதை வைத்துத்தான் இந்த விளம்பரம். ஆனால் மீனம்பாக்கத்தை மூடுவார்கள் என்பது தவறு.

2022 ஆகஸ்டில் பரந்தூர் அறிவிக்கப்பட்டபோதே, இரண்டும் சேர்ந்து இயங்கும் என்று தமிழக அரசு சொல்லிவிட்டது. மீனம்பாக்கத்தில் 2023 ஏப்ரலில்தான் புதிய முனையம் திறந்தார்கள். 2008-ல் பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் பழைய நிலையங்களில் பயணிகள் சேவை நின்றதால் இந்தப் பயம் வந்திருக்கலாம். ஆனால் அங்கே பழைய நிலையத்தில் சேவையை நிறுத்த வேண்டும் என்று, புதிய நிலையத்தை நடத்தும் நிறுவனங்களுடன் போட்ட ஒப்பந்தத்திலேயே இருந்தது.

பரந்தூருக்கு 2025-ல் மத்திய அரசிடம் கிடைத்தது கொள்கை அளவிலான ஒப்புதல், அதாவது திட்டத்தைத் தொடரலாம் என்ற அனுமதி. அப்புறம் இன்னொன்று: திட்டத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கிறார்கள். திட்டப் பகுதியில் உள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் வீடும் வயலும் போகுமென்று போராடுவது அதனால்தான். மனை விளம்பரத்தில் உள்ள சர்வே எண், நில எடுப்பு அறிவிக்கையில் இருந்தால் என்ன செய்வீர்கள்? காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள், வில்லங்கச் சான்று எடுங்கள், ரெரா (மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பாருங்கள். திட்ட விவரத்துக்கு, அதைக் கவனிக்கும் தமிழக அரசு நிறுவனமான டிட்கோவின் இணையதளம் இருக்கிறது.

தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். குடும்பக் குழுவில் வந்திருந்தால், இந்த விளக்கத்தை அதன் கீழேயே போடுங்கள்.