பரண்மேல் கிடக்கும் டின்கள்

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்துபோகும் சொந்தக்காரர்கள் புண்ணியத்தில் நம்ம ஊர் வீடுகளில் டின் உணவுக்குப் பஞ்சமே இல்லை. டூனா, மத்தி, அன்னாசித் துண்டு, காளான் என்று எல்லாம் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பரணுக்கு ஏறிவிடும். தேதி முடிந்த பிறகுதான் ஞாபகம் வரும். உடனே வீடு இரண்டு கட்சியாகப் பிரியும். தேதியைப் பார்த்ததும் குப்பையில் போடச் சொல்வது ஒரு கட்சி. "டின் எத்தனை வருஷம் ஆனாலும் கெடாது, நெட்ல பாரு" என்பது இன்னொரு கட்சி.

நெட் கட்சியிடம் வலுவான சாட்சி இருக்கிறது. 1865இல் அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் பெர்ட்ரண்ட் என்ற நீராவிக் கப்பல் மூழ்கியது. 1968இல் அதை வண்டலுக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருந்த டின்களை 1974இல் சோதித்தபோது நிறமும் மணமும் போயிருந்தன, வைட்டமின் சி பெருமளவு குறைந்திருந்தது. ஆனால் கிருமி எதுவும் வளர்ந்திருக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆன சாப்பாடு!

சரி, ஆனால் அந்த டின்கள் கிடந்தது வெயிலே படாத ஆற்று மண்ணுக்குள். டின் உணவு காலவரையின்றிப் பாதுகாப்பானது என்று சொல்லும் அமெரிக்க வேளாண் துறையும் கூடவே ஒரு நிபந்தனை வைக்கிறது: டின் பழுதில்லாமல் இருக்க வேண்டும், வைத்த இடத்தின் சூடு 32 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. வாட்ஸப்பில் சுற்றும்போது இந்தப் பாதி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே, மே மாதத்து வேலூரில், ஒரு பரண் 32 டிகிரியில் இருக்குமா?

சூடு ஏற ஏற, உள்ளே இருக்கும் புளிப்பு தகரத்தை வேகமாக அரிக்கும். தக்காளி, அன்னாசி டின்கள் முதலில் போவது இதனால்தான். அவற்றின் தரம் ஒன்று, ஒன்றரை வருஷம்தான் தாங்கும். மீன், இறைச்சி, பயறு இரண்டு முதல் ஐந்து வருஷம் தாங்கும். இதெல்லாம் நிழலான இடத்தில் வைத்தால் கிடைக்கும் கணக்கு. அரிப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால்கூட, அதற்கப்புறம் தேதிக்கு அர்த்தமே இல்லை.

தேதி கட்சிக்கும் ஒரு செய்தி உண்டு. 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு டின் சால்மன் மீனைச் சாப்பிட்ட நான்கு முதியவர்களுக்கு பாட்டுலிசம் வந்தது, அதாவது ஒரு கிருமி சுரக்கும் நஞ்சால் வரும் நோய்; இருவர் இறந்தார்கள். அது பரணில் மறந்துபோன பழைய டின் இல்லை. தகரத்தில் இருந்த சிறு ஓட்டை வழியாக, தொழிற்சாலையில் ஆறவைக்கும்போதே கிருமி உள்ளே போயிருந்தது. காற்றில்லாத இடம்தான் அந்தக் கிருமிக்குத் தோதான இடம். அதன் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது. அதனால் "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்பதை நான் ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை. நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பது அதைவிட மோசம்.

நான் பார்ப்பது டின்னைத்தான். மூடியோ அடியோ உப்பியிருந்தால், அழுத்தும்போது டொக்கென்று உள்ளே போய் வெளியே வந்தால், திறக்கும்போது பீய்ச்சியடித்தால் வேண்டாம். விளிம்பிலோ பக்கவாட்டு இணைப்பிலோ நசுங்கல் இருந்தாலும் வேண்டாம்; நடு வயிற்றில் லேசான பள்ளம் என்றால் பரவாயில்லை. துணியால் துடைத்தால் போகிற துரு வெறும் மேல்துரு. துடைத்தும் போகாமல் சொரசொரவென்று குழி விழுந்திருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். மீன் டின்னில் கண்ணாடித் துண்டு மாதிரி ஏதாவது கிடந்தால் பதற வேண்டாம், அது பெரும்பாலும் ஸ்ட்ரூவைட் என்கிற உப்புப் படிகம். வினிகரில் போட்டுச் சூடாக்கினால் கரையும். கரையாவிட்டால் நிஜக் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளலாம்.

தேதி தாண்டி நாலைந்து மாதம் ஆன மத்தி டின், நிழலான அலமாரியில் பழுதில்லாமல் இருந்தால் நான் குழம்பு வைத்துவிடுவேன். அதே டின் இரண்டு கோடையைப் பரணில் கழித்திருந்தால், தேதி மிச்சமிருந்தாலும் யோசிப்பேன்.

உப்பிப்போன டின்னைத் திறக்காமலே இரண்டு பையில் கட்டிப் போடுங்கள். தெருநாய்க்கு வைக்காதீர்கள். நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதை வீட்டு வேலைக்கு வரும் அக்கா கையில் கொடுத்து அனுப்பும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.