பனியில் பிறந்ததால் மட்டும் வந்த தங்கம் அன்று
மண்டபம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சியாளர் தேவையா என்ற பேச்சில், “2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில் அமெரிக்கப் பெண்கள் தங்கம் வென்றது பனியில் பிறந்ததால்தான், பயிற்சியாளர் கடிகாரம் பிடிப்பவர் மட்டுமே” என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. அத்தங்கத்தை வென்ற ஜெஸ்ஸி டிக்கின்ஸின் மின்னசோட்டாவிலும் கிக்கன் ராண்டலின் அலாஸ்காவிலும் பனி ஆண்டுதோறும் பெய்துவந்தது. ஆயினும் அதற்குமுன் இவ்விளையாட்டில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம், 1976இல் பில் கோக் வென்ற வெள்ளிதான்.

ராண்டலைப் பல ஆண்டுகள் வளர்த்த எரிக் ஃபுளோரா, அலாஸ்கா பசிபிக் பல்கலைக்கழகத்தின் பயிற்சித் திட்டத்தை நடத்தி, கோடையிலும் வீரர்களை ஈகிள் பனியாற்றின் மேல் பயிற்சி செய்ய வைத்தவர். டிக்கின்ஸின் பயிற்சியாளர் ஜேசன் கார்க், பாம்பனில் காற்றறிந்து பாய் விரிப்பவரைப் போல, அன்றன்றைய பனியின் தன்மை அறிந்து அவருடைய சறுக்குப் பலகைகளுக்கு மெழுகிட்டுத் தந்தவரும் ஆவார். சுவீடனை 0.19 விநாடியில் முந்தித் தங்கம் வென்ற அந்தப் போட்டியில் இத்தகைய உழைப்பைச் சிறிதென்று சொல்ல முடியாது.

தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் மணலில் ஓடும் நம் பிள்ளைகளுக்கு உடல் வலுவும் ஆர்வமும் நிறையவே உண்டு. ஆண்டு முழுவதற்கும் திட்டமிட்டு, ஓடவும் ஓயவும் சொல்லித்தர ஒருவர்தான் இல்லை. ஆகவே பயிற்சியாளருக்கான ஊதியத்தை வீண்செலவென்று தள்ளிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.