டொராட்டி இழுத்தடிக்கவில்லை

ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' பாலே இசையை இசைக்குழு நடத்துநர் டொராட்டி பதிவு செய்திருக்கிறார். "டொராட்டியின் 1959 ஃபயர்பேர்ட் பதிவு 45 நிமிடம் ஓடுகிறது, மற்றவர்கள் 20 நிமிடத்தில் முடிக்கிறார்கள், இவர் இழுத்தடிக்கிறார்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் அந்தப் பதிவைக் கேட்காமல் விட்டுவிட வேண்டாம்.

இரண்டும் வேறு வேறு. லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு டொராட்டி பதிவு செய்தது 1910-இல் பாரிஸில் அரங்கேறிய முழு பாலே இசை. 20 நிமிடச் சொச்சம் வருவது, அதிலிருந்து சில பகுதிகளை மட்டும் எடுத்து, 1919-இல் ஸ்ட்ராவின்ஸ்கியே சிறிய இசைக்குழுவுக்காக அமைத்த கச்சேரித் தொகுப்பு. வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் டொராட்டி விறுவிறுப்பாகவே நடத்துகிறார்.

அந்தத் தொகுப்பில் விடுபட்டதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பொழுது விடிகிறது, தனியே நிற்கும் டிரம்பெட்டுகள் கூப்பிடுகின்றன. இளவரசிகள் ஓடி மறைய, கதையின் நாயகன் இளவரசன் இவான் பின்னாலேயே போய்க் கதவைத் திறக்க, மந்திர மணிகள் முழங்கத் தொடங்கும். அப்புறம் இசை அடுக்கடுக்காக ஏறும், கொடிய மந்திரவாதி காஷ்செயின் பூதகணங்கள் வந்து குவியும், கடைசியில் அவனே வருவான். தொகுப்பிலோ இளவரசிகளின் மென்மையான நடனம் முடிந்ததுமே காஷ்செய் கூட்டத்தின் நடனம் வெடித்துவிடும். திடுக்கிடுவோம், சரி. ஆனால் அந்த ஆபத்து எப்படி நெருங்கி வந்தது என்பது முழு இசையில்தான் தெரியும்.

டொராட்டியை ஒப்பிட வேண்டுமென்றால், ஸ்ட்ராவின்ஸ்கியே 1961-இல் நடத்திய முழுப் பதிவோடு ஒப்பிடுங்கள்.