குளிர்க்கடலுக்குப் போட் பிடிக்கப் போகிற எங்கள் ஆட்களுக்கு

என் சித்தப்பா முல்லைத்தீவுக் கள்ளப்பாட்டில் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். வருகிற ஜூலையில் நோர்வேக்குப் போகிறார். துரொம்சோ நகரத்தில் மகள் வீடு. நேற்றுப் பின்னேரம் வாடியில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டார்: "தம்பி, அங்க காசு கட்டினா மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போற போட் இருக்காம். மருமகன் மலிவா ஒண்டு பார்த்து வச்சிருக்கிறார். கட்டச் சொல்லட்டோ?"

கட்ட வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர் கூடிவிட்டார்கள். பிரான்சிலும் ஜேர்மனியிலும் இருக்கிற எங்கள் பொடியன்கள் கோடை லீவில் நோர்வேக்குப் போய்த் தூண்டில் போடுகிறார்கள். கடல் எங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை எங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயத்தைத் தருகிறது.

மூன்று வருடத்துக்கு முன் பின்மார்க்கில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நோர்வேயின் வடக்கு முனை அது, பரென்ட்ஸ் கடலோரம். எண்பதுகளில் இங்கிருந்து போன எத்தனையோ பேர் அங்குள்ள மீன் தொழிற்சாலைகளில் நின்று உழைத்தார்கள். அத்தானும் அப்படிப் போனவர்தான். மீனை வெட்டி வாழ்ந்த மனிதர், ஆனால் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனதில்லை. நான் வந்த சந்தோசத்தில், விலை குறைந்த ஒரு போட்டை ஒழுங்கு செய்தார்.

திறந்த போட். கபின் இல்லை. மேலே கட்டிக்கொள்ள ஆளுக்கொரு பழைய லைப் ஜக்கெட் தந்தார்கள், அவ்வளவுதான். புறப்படும்போது வெயில். ஒரு மணித்தியாலத்தில் வடக்கிலிருந்து காற்று எழும்பித் தூறத் தொடங்கியது. எங்கள் வாடைக்காற்றைப் போல ஒன்று என்று நினைத்தேன். இல்லை. என் விரல்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. கொட் மீனின் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்ற முடியவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து நான் செய்கிற வேலை அது. திரும்பிப் பார்த்தால் அக்காவின் மகளான என் மருமகளின் உதடு நீலமாக இருந்தது. கரைக்குப் போவோம் என்றோம். நாலு மணித்தியாலத்துக்குக் காசு வாங்கியிருக்கிறேன், மீனும் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார் போட்காரர். அத்தான் நோர்வேஜிய மொழியில் சத்தம் போட்ட பிறகுதான் அவர் போட்டைத் திருப்பினார். கரையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது.

யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு ஆள் தவறி விழுந்திருந்தால் என்ற கேள்வி என்னை விடவில்லை. பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் கடல்தண்ணீர் இருபத்தெட்டுப் பாகை செல்சியஸ் அளவில் கிடக்கிறது. இரவில் விழுந்தாலும் பிளாஸ்டிக் கானைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை மிதந்து, பக்கத்துப் போட்டில் ஏறி வந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அங்கே நடுக்கோடையிலும் தண்ணீர் பத்துப் பாகையைச் சுற்றித்தான். குளிர்நீர் ஆபத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர்கள் ஒன்று, பத்து, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது, இழுத்து இழுத்து வாங்கும். அந்த நேரம் வாய்க்குள் தண்ணீர் போனால் நீச்சல் தெரிந்தவனும் போய்விடுவான். அதற்குப் பிறகு சுமார் பத்து நிமிடம் கைகால் வேலை செய்யும். உடல் விறைத்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆகும். ஆக, குளிர் கொல்வதற்கு முன்பே கை நின்றுவிடுகிறது. கயிறு எறிந்தாலும் பிடிக்க முடியாது. நீந்தத் தெரியும் என்பதை நம்பி அந்தக் கடலில் இறங்கக் கூடாது. உடம்பில் மிதக்கிற உடை இருக்க வேண்டும்.

அதனால்தான் போட் பார்க்கும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது மீனை அல்ல, உடுப்பை. கழுத்திலிருந்து கால்வரை மூடுகிற, சூட்டையும் காத்து மிதக்கவும் வைக்கிற முழு உடை அங்கே உண்டு. அதை ஆளுக்கேற்ற அளவில் தருவார்களா? பிள்ளைகளுக்கு, பெண்களுக்கு அளவு இருக்கிறதா? தண்ணீரில் விழுந்தவர் திரும்பி ஏற போட்டில் ஏணி இருக்கிறதா? இதைக் கேட்டவுடன் சலித்துக்கொள்கிற போட்காரரை விட்டுவிடுங்கள். எங்கள் பெண்களோடு போவதென்றால் மூடிய, சூடான கபினும் கழிவறையும் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். அம்மாமார் ஐந்து மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருந்ததை நான் கேள்விப்பட்டிருக்கிறேன், அது சரியில்லை.

இரண்டாவது முறை போன போட்டின் கப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு போன் எடுத்து, நாளைக்கு வெளிக்கிட மாட்டேன், காற்று சரியில்லை என்றார். அடுத்த நாளும் இல்லை என்றார். காசைத் திருப்பித் தரவா, வேறு நாள் வருகிறீர்களா என்று அவராகவே கேட்டார். அத்தானுக்கு எரிச்சல். எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. அப்பா விடியப்புறம் கரையில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடப்பார். அடுத்த வீட்டுக்காரர் போனாலும் இவர் போக மாட்டார். அதே குணத்தை அந்த வெள்ளைக்காரரிடம் கண்டேன். மூன்றாம் நாள் போனோம். கட்டையிலிருந்து கயிறு அவிழ்க்க முன்பு எங்கள் எல்லாருக்கும் உடையைப் போட்டுச் சரிபார்த்தார். எனக்கு ஏதாவது நடந்தால் இப்படி என்ஜினை நிறுத்து, இந்த ரேடியோவில் பதினாறாம் சனலில் கூப்பிடு, போனில் என்றால் 120 என்று மருமகளுக்கும் சேர்த்துக் காட்டித் தந்தார். 120 அங்கே கடலில் ஆபத்து என்றால் அழைக்கிற இலக்கம். அந்தப் போட்டுக்குக் காசு கூடத்தான். கொடுத்ததற்கு எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

விளம்பரப் படங்களில் ஆளுயர மீனோடு நிற்பவர்களைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தக் கடலில் மீன் இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. காற்று கூடினால் என்ன செய்வீர்கள், காசு திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். பதிலில் ஆளைத் தெரிந்துவிடும். போட் முதலாளியான சம்மாட்டியின் குணம் அறிந்து வேலைக்குப் போகிற எங்களுக்கு இது தெரியாத வித்தை இல்லை.

பொடியன்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே பல இடங்களில் போட்டை மட்டும் வாடகைக்குத் தந்து நீங்களே ஓட்டுங்கள் என்று விடுவார்கள். பதினைந்து குதிரைவலு என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். முதல் நாளாவது அந்த ஊர்க் கப்டனோடு போங்கள். முல்லைத்தீவில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்குள் அடங்கிவிடும். வட நோர்வேயில் இரண்டு மூன்று மீற்றர் ஏறி இறங்கும். போடோ நகரத்துக்குப் பக்கத்தில் சால்ட்ஸ்ட்ரௌமன் என்ற ஒடுக்கமான நீரிணையில் ஓடுகிற நீரோட்டம் உலகத்திலேயே மிக வலுவானவற்றில் ஒன்று. இந்தக் கணக்கு உடம்பில் ஊறாமல் அங்கே ஓட்டக் கூடாது. சட்டமும் இருக்கிறது: 1980 தொடங்கிய பிறகு பிறந்தவர்கள் எட்டு மீற்றருக்கு மேற்பட்ட போட்டையோ இருபத்தைந்து குதிரைவலுவுக்கு மேற்பட்ட என்ஜினையோ ஓட்டச் சான்றிதழ் வேண்டும்.

மற்ற விசயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோர்வேக் கடலில் கைத்தூண்டிலுக்கு அனுமதிச்சீட்டு வேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கடலில் வேண்டும், போக முன்பே எடுங்கள். நோர்வேயில் பிடித்த மீனை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதென்றால், அவர்களுடைய மீன்பிடித் திணைக்களத்தில் பதிவு செய்த சுற்றுலா நிறுவனத்தோடு போனவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, அதுவும் அளவோடு. பிரான்சுக்குப் பெட்டி கட்ட நினைப்பவர்கள் பதிவு இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். வடக்கில் 44 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொட் மீனையும் 84க்குக் குறைந்த ஹலிபட் மீனையும் வைத்திருக்கக் கூடாது, உயிரோடு இருந்தால் திருப்பி விட வேண்டும். எங்கள் கடலில் குஞ்சுமீன் வாரி வருகிற வலைகளைப் பார்த்து மனம் நொந்தவன் என்பதால் இந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. அப்புறம், உள்ளே பருத்தி உடுப்புப் போட வேண்டாம், நனைந்தால் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். கம்பளி உடுப்பு நல்லது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சித்தப்பா வலையைக் கீழே வைத்தார். "அது நான் பிறந்து வளர்ந்த கடல் இல்லைத்தான்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்த இரண்டு நாள் வர மறுத்த ஆள் இன்னும் போட் ஓட்டுகிறாரோ என்று கேட்டார். அவர் இருப்பது பின்மார்க்கில், துரொம்சோவிலிருந்து தூரம். ஆனால் அவரைப் போன்ற ஒருவரை அங்கே விசாரித்துச் சொல்லும்படி அத்தானுக்கு இரவே செய்தி அனுப்பினேன். சித்தப்பாவின் உயரம், எடை, சப்பாத்து அளவு மூன்றையும் எழுதி அதோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன், உடை பார்த்து வைக்க.